விசைப்பலகைக்கு மாற்றுக் கருவிகள்

கணினியின்முன் அமரும் ஒருவர் அதனோடு உறவாடுதற்குரிய வழிகள் இரண்டே என நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். ஒன்று விசைப்பலகை, மற்றொன்று மௌஸ். இவ்விரண்டனையும் இயக்குதற்கு விரல்கள் பத்தும், அவற்றைத் தாங்கும் உறுதியான மணிக்கட்டும், அசைவை அளந்து நடத்தும் நரம்பும் வேண்டும் என்பதனை நாம் நினைப்பதேயில்லை. உள்ள பொருளின் அருமை அஃது இல்லாதபோழ்தே புலனாகும். அவ்வாறு நமக்கு ஒரு நிகழ்ச்சியால் இது புலனாயிற்று.

நம் கல்லூரியிற் பழைய மாணவர் கூடிய நாளொன்றில், சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒருவரோடு நெடுநேரம் அளவளாவினோம். சாலை விபத்தொன்றில் அவர் கழுத்தெலும்பு முறிந்தது. அன்றுமுதல் தோளுக்குக் கீழுள்ள உறுப்புக்கள் அசைவதில்லை. வாயிற் கவ்விய ஒரு கோலினால் விசைகளை அழுத்தியும், தலையின் அசைவாற் சுட்டுமுள்ளை நகர்த்தியும் அவர் கணக்கெழுதிப் பொருள் ஈட்டுகின்றார். "கருவி என்னை வருத்தவில்லை, கருவியை நினையாமற் பிறர் எழுதிய நிரல்களே வருத்துகின்றன," என்றார் அவர். ஓரிடத்திற்கு அனுப்பவேண்டிய விண்ணப்பம் ஒன்றனைக் கணினி வாயிலாக நிரப்பத் தொடங்கினாராம். அதற்கு வரையறுத்த காலம் பத்து நிமிடம். அவர்க்கோ பதினான்கு நிமிடம் வேண்டியிருந்தது. எழுதியதெல்லாம் மும்முறை அழிந்தொழிந்தது. முடிவில் அண்டை வீட்டுச் சிறுவனை அழைத்துத் தம் வங்கிக் கணக்கின் எண்ணையும் மறைசொல்லையும் வாய்விட்டுச் சொல்லி நிரப்பச் செய்தாராம். இதனைச் சொல்லும்போது அவர் முகத்திற் கண்ட நாணத்தை நாம் இன்னும் மறந்திலோம். கைகளை இழந்தது விபத்தினால். தம் மறைவை இழந்தது ஒரு நிரலினால். கருவியும் நிரலும் ஒத்து இயங்குவது எவ்வாறு, ஒவ்வாமை எங்கே பிறக்கின்றது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மாற்றுக் கருவி என்பது நேற்றுத் தோன்றியதன்று. தட்டெழுத்துப் பொறியின் வரலாற்றிலேயே அதன் வேர் உள்ளது. இத்தாலியராகிய பெல்லெக்ரினோ டுர்ரி என்பார் தம் நண்பராகிய பார்வையற்ற பெருமாட்டி ஒருவர் கடிதம் எழுதும்பொருட்டு ஒரு பொறியை அமைத்தார். அப்பொறியால் 1808-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற கடிதம் இன்றும் உள்ளது. டென்மார்க்கிலே செவிடர் கல்விச்சாலைத் தலைவராயிருந்த ராஸ்முஸ் மாலிங்-ஹான்ஸன் என்பார் 1870-ஐ ஒட்டி உருண்டை வடிவான ஓர் எழுத்துப்பொறியை இயற்றினார். ஆகவே, குறையுடையார்க்கென எண்ணிய எண்ணமே பின்னர் எல்லார் மேசைமேலும் அமர்ந்த விசைப்பலகைக்கு ஒரு தொடக்கமாயிற்று எனல் தவறாகாது. மௌஸோ மிகப் பிற்பட்டது. டக்ளஸ் எங்கல்பார்ட் அதனை 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவையோர்க்கு இயக்கிக் காட்டினார்.

அதற்கு முன்னரே, 1960-இல், இங்கிலாந்திலே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. முதுகுத்தண்டு சேதமுற்ற நோயாளிகள் அங்கே கிடந்தனர். அவர்களாற் செய்யக்கூடியது ஊதல் ஒன்றே. அதனைக் கண்ட ரெக் மாலிங் என்பார், மூச்சை உள்ளிழுத்தும் வெளிவிட்டும் இயக்கத்தக்க ஒரு பொறியைச் செய்தார். அதனால் நோயாளி மணியடிக்கலாம், விளக்கேற்றலாம், தட்டெழுத்துப் பொறியையும் இயக்கலாம். அதன் பெயர் பாஸம். அப்பெயர் லத்தீன் மொழியில் "என்னால் இயலும்" எனப் பொருள்படும். பெயரிட்டவர் கருத்து வெளிப்படை.

இக்காலத்துக் கருவிகள் பலவகைப்படும். அவற்றுள் மிக எளியது ஸ்விச்சு. கை, முழங்கை, பாதம், கன்னம், புருவம் என்றிவற்றுள் எது அசையுமோ அதனால் அழுத்துவது அது. இரண்டாவது, முன் கூறிய மூச்சுக் குழாய். மூன்றாவது, தலையின் அசைவைக் காமிராவினால் நோக்கிச் சுட்டுமுள்ளை நகர்த்தும் கருவி. நான்காவது, கண்ணின் நோக்கை அறிவது. கண்ணிற் படாத செங்கீழ் ஒளியைக் கண்மேற் செலுத்தி, கருவிழியிற் காணும் அதன் பிரதிபலிப்பும் பாவையும் நிற்கும் நிலைகளிலிருந்து, ஒருவர் திரையில் எவ்விடத்தை நோக்குகின்றார் என அஃது அளந்தறியும். ஐந்தாவது, குரலைக் கேட்டு நடப்பது. விளையாட்டிற்கும் இவை உண்டு. மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்னும் கருவியிலே, 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள 19 துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்விச்சைச் செருகி, அவரவர் உடம்பிற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு ஸ்விச்சினால் எழுத்தனைத்தும் எழுதுவது எங்ஙனம் என்று ஐயுறலாம். அதற்குரிய வழி ஸ்கானிங் என்பது. திரையில் எழுத்துக்கள் வரிசையாக நிற்கும். ஒளிக்கட்டம் ஒன்று நொடிக்கு ஓர் எழுத்தாக அவற்றின்மேல் நகரும். வேண்டிய எழுத்தின்மேல் வந்தவுடன் அழுத்தவேண்டும். ஆங்கில எழுத்து 26-ஐயும் ஒரே வரிசையில் நிறுத்தினால், சராசரியாக ஓரெழுத்திற்கு 13½ நொடி கழியும். வரிசைக்கு ஆறாக அடுக்கி, முதலில் வரிசையையும் பின்னர் அவ்வரிசையுள் எழுத்தையும் தெரிந்தால், சராசரி ஏறக்குறைய 6 நொடியாகக் குறையும். கருவி அதுவே, அழுத்தும் உறுப்பும் அதுவே. நிரலின் அடுக்குமுறை ஒன்று மாறியதனால் பாதிக்கு மேற்பட்ட காலம் மிஞ்சிற்று. நிரல் எழுதுவோன் ஒருவன் பிறன் ஒருவனுடைய வாழ்நாளைக் கூட்டவுங் குறைக்கவும் வல்லன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இக்கணக்கை நம் தமிழுக்கும் போட்டுப் பார்த்தோம். நம் எழுத்துக்கள் 247. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் முதல் வரிசையாக, ஒவ்வொரு மெய்யும் அதன் உயிர்மெய்களும் ஏனை வரிசைகளாக அமைத்தால், 19 வரிசையும் வரிசைக்கு 13 கட்டமும் உண்டாகும். இதில் ஓரெழுத்திற்குச் சராசரி 17 நொடி. இனி, 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டினைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையின் நெறியைக் கைக்கொள்வோம். அதன்படி உயிர், அகரமேறிய மெய், ஆய்தம், புள்ளி ஆகியவற்றிற்கு, வடவெழுத்துக்களை ஒழித்து, 32 கட்டம் போதும். ஆறாக அடுக்கினால் ஒரு தெரிவிற்குச் சராசரி 6½ நொடி. 'க' என எழுத ஒரு தெரிவு. 'கா' எனவோ 'க்' எனவோ எழுத இரண்டு தெரிவு, அஃதாவது 13 நொடி. எவ்வாற்றானும் 17-ஐ விடக் குறைவே. மிகுதியாகப் பயிலும் எழுத்துக்களை முதற்கட்டங்களில் நிறுத்தினால் இன்னுங் குறையும். பிழை திருத்துவதிலும் கவனம் வேண்டும். 'கா' என்பதிற் கால் மட்டுமே பிழையாக இருக்க, நீக்கும் விசை எழுத்து முழுவதையும் நீக்குமாயின், நல்ல ககரத்திற்குச் செலவிட்ட நொடிகளும் வீணாம். விரலால் எழுதுவோர்க்கு இஃது அற்பம். கன்னத்தால் எழுதுவோர்க்கு அற்பமன்று.

அடுத்து வரும் சொல்லை முன்னுணர்ந்து காட்டுவதும் ஒரு துணை. ஸ்டீபன் ஹாக்கிங் என்னும் பேரறிஞர் 1985-இல் மூச்சுக்குழல் சிகிச்சையினால் குரலை இழந்தார். பின்னர் வால்டர் வோல்டாஸ் என்பார் அளித்த ஈக்வலைஸர் என்னும் நிரலினால், கையிற் பிடித்த ஒரு ஸ்விச்சைக்கொண்டே சொற்களைத் தெரிந்து நிமிடத்திற்கு 15 சொல் வரை அமைத்தார். கையும் ஓய்ந்தபின், மூக்குக் கண்ணாடியிற் பொருத்திய ஒளிக்கருவி அவர் கன்னத்தசையின் அசைவை அறிந்து ஸ்விச்சாக உதவிற்று. இன்டெல் நிறுவனத்தார் அவர்க்கென வகுத்த நிரலை 2015-இல் யாவரும் பெற்றுத் திருத்தும்வண்ணம் மூலத்தோடு வெளியிட்டனர். கேம்பிரிட்ஜில் டேவிட் மக்கே என்னும் பேராசிரியரின் குழுவினர் இயற்றிய டாஷர் என்பது வேறொரு வகை. அதில் எழுத்துக்கள் திரையில் நம்மை நோக்கி மிதந்து வரும்; வரக்கூடிய எழுத்திற்குப் பெரிய இடமும், வருதற்கரிய எழுத்திற்குச் சிறிய இடமும் கிடைக்கும்; சுட்டுமுள்ளைக் கண்ணாலோ தலையாலோ செலுத்தினாற் போதும்.

இதுவரை கருவியைக் கூறினோம். இனி, அக்கருவி சொல்வதனைக் கணினி ஏற்குமாறு செய்வது எங்ஙனம் என்பதே நிரலறிவின் பாற்பட்ட வினா. கடிதம் எழுதும் நிரலும், கணக்கெழுதும் நிரலும், விசைப்பலகையிலிருந்தும் மௌஸிலிருந்தும் செய்தி வரும் என்றே காத்திருக்கின்றன. மூச்சுக் குழாயை அவை அறியா. அவ்வொவ்வொரு நிரலையும் திருத்தி எழுதுவது ஆகாத காரியம். ஆதலின் அறிஞர் கண்ட முதல் உபாயம் வேடம் புனைதல்: மாற்றுக் கருவியானது, தன்னை விசைப்பலகை என்றே கணினி நம்பும்படி செய்வது.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 1971-இற் கிரெக் வாண்டர்ஹைடன் என்பார் மாணவராயிருந்தபோதே தொடங்கிய முயற்சி ட்ரேஸ் நிலையமாக வளர்ந்தது. அந்நிலையத்தார் இவ்வேடத்திற்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தனர். அதன்படி, வெளியிலுள்ள கருவி தொடர்வாயில் வழியாக எழுத்துக்களை அனுப்பும். சாதாரண எழுத்து சாதாரண விசையாகக் கொள்ளப்படும். 27 என்னும் எண்ணுடைய எஸ்கேப் குறி முன்வந்தால், அதன்பின் வருவது கட்டளை என்று கொள்ளப்படும். 'ஷிப்டு விசையைப் பிடித்துக்கொள்', 'சுட்டுமுள்ளை இத்தனை புள்ளி நகர்த்து' என்பன போன்றவை அவை. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 இவ்விலக்கணத்தை ஸீரியல்கீஸ் என்னும் பெயரால் தன்னகத்தே கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் மூன்று விசைகளை அழுத்த இயலாதவர், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த இடந்தரும் ஸ்டிக்கிகீஸ் என்பதும் அதிலிருந்தது. வாயிற் கோல் ஒன்றே உடையவர்க்கு இரண்டாவது விரல் ஏது?

பின்னர்த் தொடர்வாயில் வீட்டுக் கணினிகளினின்று மறைந்தது, யூ.எஸ்.பி. அதன் இடத்தைக் கொண்டது. யூ.எஸ்.பி. வழியாகச் செருகப்படும் கருவி, 'யான் இன்ன தன்மையேன்; இத்தனை விசைகளை உடையேன்' என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளுதற்கு ஹெச்.ஐ.டி. என்னும் பொதுமரபு உண்டு. எனவே இன்று ஸ்விச்சுப் பெட்டியொன்றைச் செய்பவர், அதனை விசைப்பலகை என அறிவிக்கச் செய்தால், தனி நிரல் யாதும் இன்றியே எக்கணினியிலும் அஃது இயங்கும். ஸ்விச்சு ஒன்று, சிறு மின்தட்டு ஒன்று, சில வரி நிரல் ஆகியவை கொண்டு நம் மாணவரும் ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்து பார்க்கலாம்.

கண்ணோக்குக் கருவி போன்றவற்றிற்கு இன்னொரு வாயில் உண்டு. இயக்க முறைமையே, 'இவ்விசை அழுத்தப்பட்டதாகக் கொள்க' என நிரலொன்று கேட்க இடந்தருகின்றது. விண்டோஸில் ஸெண்ட்இன்புட், லினக்ஸில் யூஇன்புட் என்பன அத்தகைய வாயில்கள். ஆனால் வாயில் திறந்திருந்தால் விருந்தினரோடு கள்வரும் நுழைவர். தீய நிரல் ஒன்று, உடையவர் அறியாமலே அவர் பெயரால் விசைகளை அழுத்தக்கூடும். அதனால் 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, தாழ்ந்த உரிமையுடைய நிரல் உயர்ந்த உரிமையுடைய நிரலுக்கு விசை அனுப்புதல் தடுக்கப்பட்டது. கையொப்பமிட்டுச் சான்று பெற்ற துணைநிரல்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. காவலும் வேண்டும், கதவும் வேண்டும். கள்வனைத் தடுக்கும் பூட்டு வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்தாதவாறு அமைப்பதே திறமை.

வேடம் புனையும் முறைக்கு ஒரு குறை உண்டு. அது குருட்டு முறை. விசையை அனுப்பும் கருவி, திரையில் என்ன நிற்கின்றது என்பதனை அறியாது. ஒளிக்கட்டம் திரையிலுள்ள பொத்தான்களின்மேல் மட்டும் முறையே செல்லவேண்டுமாயின், பொத்தான்கள் எவை, அவற்றின் பெயர் யாது, அவை இப்போது இயங்கும் நிலையில் உள்ளனவா என்பவற்றை நிரலே எடுத்துச் சொல்லவேண்டும். இதன்பொருட்டு எழுந்ததே அணுகுதலுக்குரிய இடைமுகம். மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் 1997-இல் இத்தகைய ஒன்றனை வெளியிட்டனர்; லினக்ஸிற்கும், கைப்பேசிகளுக்கும் பின்னர் இவை அமைந்தன. ஒவ்வொரு பொருளும் தன் பெயரையும், தொழிலையும், நிலையையும், தன்னாற் செய்யக்கூடிய செயலையும் ஒரு மரத்தின் கிளைகள்போல் அடுக்கி அறிவிக்கும். அப்போது மௌஸின் அசைவை நடிக்கவேண்டுவதில்லை. 'இப்பொத்தானின் செயலைச் செய்க' என நேரே கட்டளையிடலாம்.

இம்மரம் பொய்யுரைத்தால் எல்லாம் கெடும். இணையப் பக்கம் எழுதுவோர் பலர், பொத்தானுக்கென உள்ள குறியை விடுத்து, வெறும் பெட்டிக்குப் பொத்தானின் வண்ணம் தீட்டி வைக்கின்றனர். கண்ணுக்கு அது பொத்தான்; கருவிக்கோ அது பெயரற்ற வெற்றிடம். மௌஸ் உடையவர் அழுத்துவர். ஸ்விச்சு உடையவரின் ஒளிக்கட்டம் அதனைத் தாண்டிச் சென்றுவிடும்.

ஆகவே நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர் நெஞ்சிற் கொள்ளவேண்டிய விதிகள் சில உள. உலகளாவிய இணைய அணுகுதல் நெறிகளிலும் இவை இடம்பெற்றுள்ளன. முதலாவது, மௌஸினால் ஆகும் செயல் யாவும் விசைப்பலகையினாலும் ஆதல் வேண்டும். ஏனெனில் மாற்றுக் கருவிகள் பல அணிவது விசைப்பலகையின் வேடத்தையே. இரண்டாவது, காலவரையறை வேண்டாதவிடத்து வைத்தலாகாது. வைப்பின், அதனை நீக்கவோ பத்து மடங்காயினும் நீட்டவோ இடந்தரல் வேண்டும். நம் பழைய மாணவர்க்கு வேண்டியிருந்தது இவ்விதி ஒன்றே. மூன்றாவது, அழுத்திய கணத்திலேயே செயல் முடிந்துவிடலாகாது. விரல் எடுக்கும்போதே முடிதல் வேண்டும். நடுங்குங் கையினர் தவறிய இடத்தினின்று விலகிக்கொள்ள அதுவே வழி. நான்காவது, அழுத்தும் இடம் மிகச் சிறிதாயிருத்தலாகாது. 2023-இல் வந்த நெறிகளின் 2.2-ஆம் பதிப்பு, சில விலக்குகளோடு, 24-க்கு 24 புள்ளி என்னும் குறைந்த அளவை விதித்து, பிடித்திழுக்கும் செயலுக்கு மாற்று வழியும் வேண்டும் என்கின்றது. ஐந்தாவது, திரையிற் காணும் பெயரும் உள்ளே வைத்த பெயரும் ஒன்றாதல் வேண்டும். 'அனுப்புக' எனக் கண்ணிற் படுவதனை உள்ளே வேறு பெயரால் வைத்தால், குரலால் இயக்குவார் எத்துணை முறை கூவினும் அது செவிசாயாது.

கருவிக்கும் நிதானம் வேண்டும். கண்ணோக்குக் கருவியுடையார் ஒன்றனைப் பார்ப்பதும் ஒன்றனை விரும்புவதும் வேறு. பார்த்ததெல்லாம் அழுத்தப்படுமாயின், தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் மன்னனின் துன்பமே நேரும். அதனால் நோக்கு ஓரிடத்திற் சிறிது நேரம் நிலைத்தாலன்றித் தெரிவாகக் கொள்ளாமை மரபு. அந்நேரம் எத்துணை என்பதை இயக்குபவரே வரையறுக்க விடவேண்டும். ஒருவர்க்குப் பொருந்தும் அளவு மற்றொருவர்க்குப் பொருந்தாது. அவர்க்கே காலையிற் பொருந்தியது, உடல் சோர்ந்த மாலையிற் பொருந்தாமலும் போகும்.

இவையெல்லாம் சிலர்பொருட்டுப் பலர் சுமக்கும் பாரமன்றோ எனக் கேட்பார் உளர். வீடு கட்டும்போதே சாய்தளம் வைப்பது எளிது. கட்டி முடித்தபின் படியை இடித்து அமைப்பதே செலவு. நிரலும் அத்தகையதே, மேற்கூறிய விதிகளுட் பெரும்பாலன தொடக்கத்திலேயே மேற்கொண்டால் மிகுந்த உழைப்பை வேண்டுவன அல்ல. மேலும், இது அருளின்பாற்பட்டது மட்டும் அன்று. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்று, செய்தித் தொடர்புக் கருவிகளும் அவர்கள் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. உரிமையாய் உள்ளதனை ஈகையாக எண்ணிக் கொடுப்பது பொருந்தாது.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் பலர் நிரல் எழுதும் தொழிலையே மேற்கொள்ளுகின்றனர். அவர்கட்கு நாம் சொல்லுவது ஒன்றே. நீங்கள் எழுதிய நிரலை முடித்தோம் என்று எழுமுன், மௌஸை ஒருபுறம் எடுத்து வைத்துவிட்டு, ஒரே விரலால், மெதுவாக, தொடக்கமுதல் ஈறுவரை அதனை இயக்கிப் பாருங்கள். எங்கே தடைப்படுகின்றீரோ அங்கே நம் பழைய மாணவர் போன்ற ஒருவர் வாசலில் நிற்கின்றார் என்று அறிமின். அண்டை வீட்டுச் சிறுவனை அழைக்காமல் அவர் தம் விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, தம் மறைசொல்லைத் தம்மகத்தே வைத்துக்கொள்ளும் நாள் உங்கள் கையிலே உள்ளது.